சந்திர மண்டலத்துக்குப் போன மடக்கு வண்டி

மடக்கி வைக்கக்கூடிய சாமான் எதுவானாலும் அதன் பேரில் நமக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. கல்யாண வீட்டு வாசலில் மடக்கு நாற்காலிகள் வந்து இறங்குகின்றன; அரை மணி நேரத்துக்குள் பந்தல் நிறைந்துவிடுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால், அத்தனை பேர் உட்கார்ந்து எழுந்த ஆசனங்களும் ஒரு மூலையில் அடுக்காகச் சாய்ந்து, வந்த சுவடே தெரியாமல் நிற்கின்றன! குடை, மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில் எல்லாம் இந்த வம்சத்தைச் சேர்ந்தவைதாம். இடம் சிறிது, குடும்பம் பெரிது என்றிருக்கும் வீடுகளில் இவற்றின் அருமை நன்றாகத் தெரியும்.

இவற்றின் தொல்லையும் தெரியும். மடக்கு நாற்காலியில் ஒரு தடவையாவது விரல் நசுங்காதவர்கள் நேயர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு சாமான் எந்த இடத்தில் மடங்குகிறதோ, நகர்கிறதோ, அந்த இடத்தில்தான் அது முதலில் ஆட்டங்காணும். இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முக்கியமான கட்டத்தில் நமக்கு வேண்டியிருக்கும்.

நாற்காலியை மடக்குவது பெரிய காரியமல்ல. நான்கு சக்கரம், நான்கு மோட்டார், இரண்டு ஆசனம் கொண்ட வண்டி ஒன்றைப் பாயைப் போல் மடித்து, ஒரு கப்பலின் விலாப்புறத்தில் செருகி, சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோய், அங்கே கயிற்றை இழுத்து விரித்து, ஏறி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்கள். அது நடந்த இடம் சந்திர மண்டலம். நடந்த வருஷங்கள் 1971, 1972. ராக்கெட்டைப் பற்றியும் சந்திரனில் முதலில் கால் வைத்தவர்களைப் பற்றியும் எழுதாத பத்திரிகை இல்லை. இந்த வண்டியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ அந்த மகா சாகசம் முழுவதிலும் மிகவும் நெருக்கமாகத் தோன்றுவது இந்த வண்டிதான். சாமானை எங்கே வைப்பது என்ற நம் வீட்டுக் கவலைதான் இதைப் பெற்றெடுத்தது.

சந்திரனில் ஒரு ரிக்ஷா

1971-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ந் தேதி. அப்போலோ 14 கப்பலில் சென்ற ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் சந்திரனில் ஒரு மேட்டின்மீது ஏறிக்கொண்டிருந்தார்கள். மேட்டின் உச்சியில் 'கோன்' என்று பெயரிடப்பட்ட பெரும் பள்ளம் ஒன்று உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு விண்கல் விழுந்து குடைந்த பள்ளம் அது. விழுந்த வேகத்தில், ஆழத்தில் புதைந்து கிடந்த பழைய பாறைகள் வெளியே வாரி இறைக்கப்பட்டிருந்தன. பள்ளத்தின் விளிம்புக்குப் போய்விட்டால், கிணறு வெட்டாமலே சந்திரனின் அடிவயிற்றில் இருப்பதைக் கையால் எடுத்துவிடலாம் என்பது விஞ்ஞானிகளின் ஆசை.

கருவிகளையும் பொறுக்கிய கற்களையும் ஏற்றிச் செல்ல அவர்களிடம் இரு சக்கரக் கைவண்டி ஒன்று இருந்தது. நைட்ரஜன் வாயு அடைத்த சின்ன ரப்பர் டயர்கள், இழுப்பதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான். மேற்படி வண்டிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'ரிக்ஷா'! (அதே வருஷத்தில் சென்னைத் தெருக்களிலும் மனிதர்கள் கை ரிக்ஷா இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை நாம் மறக்க வேண்டாம். தமிழ் நாட்டில் அந்தக் கொடுமை ஒழிந்தது 1973-ல். அவர்களுடைய நாடித் துடிப்பை எந்த வைத்தியரும் தொலைவிலிருந்து கணக்கெடுக்கவில்லை.)

சந்திரனில் எல்லாப் பொருளும் ஆறில் ஒரு பங்கு கனந்தான். ஆனால் அங்கே போகிறவர் அணிந்திருக்கும் உடுப்பு, காற்றடைத்த பந்தைப் போல் விறைத்து நிற்கும். முழங்காலை மடக்குவதே ஒரு வேலை. மாவு போன்ற தூசியில் கால் புதைகிறது, சரிவு ஏறுகிறது, வண்டி கல்லில் இடறுகிறது. ஓரிடத்தில் இழுப்பதைவிடத் தூக்குவது மேல் என்று இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வண்டியைத் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். ஒவ்வொரு மேடும் இதுதான் விளிம்பு என்று ஆசை காட்டியது. ஏறிப் பார்த்தால் அப்பால் இன்னொரு மேடு. மூச்சு வாங்கியது. நேரம் கரைந்தது. கடைசியில் திரும்பிவிடும்படி பூமியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பள்ளத்தைக் கண்ணால் காணாமலே திரும்பினார்கள். பிறகு படங்களை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, அவர்கள் நின்ற இடத்திலிருந்து விளிம்பு சுமார் 30 மீட்டர் தூரத்தில் இருந்தது என்று தெரிந்தது!

கால்நடையின் எல்லை அன்று தெளிவாகிவிட்டது. நல்லவேளையாக, அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் வேறொரு வண்டி ஏறக்குறையத் தயாராகி நின்றது.

மிச்சமிருந்த மூலை

சந்திரனில் ஓட ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் புதியதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் இதே சிந்தனையாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மியெச்சிஸ்லாவ் பெக்கர், போலந்துக்காரர், 1939-ல் தாய்நாடு ஹிட்லரின் படைகளிடம் வீழ்ந்தபின் ஊர் ஊராக அலைந்து வட அமெரிக்கா சேர்ந்தவர். ஒரு சக்கரம் எந்த மண்ணில் எவ்வளவு புதையும், எவ்வளவு வழுக்கும் என்பதையே ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்த்தவர். மற்றவர் அவருடைய இளைய சகா பெரென்ஸ் பாவ்லிச், ஹங்கேரிக்காரர், 1956-ல் அந்நாட்டு மக்களின் புரட்சி நசுக்கப்பட்டபின் வெளியேறியவர்.

அவர்கள் முதலில் போட்ட திட்டங்கள் பிரம்மாண்டமானவை. உள்ளேயே காற்று நிரப்பிய அறை வைத்த பெரிய ஊர்திகள். நாட்கணக்காகச் சந்திரனில் சுற்றலாம், உள்ளேயே தூங்கலாம். ஆனால் அப்படிப்பட்ட ஊர்தியைக் கொண்டுபோக இரண்டாவதாக ஒரு மகா ராக்கெட் வேண்டும். அமெரிக்கக் கஜானாவுக்குக்கூட அது கட்டவில்லை. ஒவ்வொரு பிரயாணத்துக்கும் ஒரே ராக்கெட்தான் என்று முடிவானதும், வண்டி யோசனையைக் கிட்டத்தட்ட மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

பாவ்லிச் மூட்டை கட்டவில்லை. மனிதர்களை இறக்கும் கப்பலிலேயே ஏதாவது இடம் மிச்சம் இருக்கிறதா என்று அதைக் கட்டிய கிரம்மன் கம்பெனியாரிடம் விசாரித்தார். அந்தக் கப்பலின் கீழ்ப்பாகம் நடுவில் என்ஜினும் நான்கு பக்கமும் எரிபொருள் தொட்டிகளும் கொண்ட எண்கோணப் பெட்டி. தொட்டிகளுக்கு இடையே மூலைக்கு ஒன்றாக முக்கோண அறைகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தரலாம் என்றார்கள். வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்குமே, துடைப்பமும் பழைய டிரங்குப் பெட்டியும் போட்டு வைக்கும் முக்கோண இடம், ஏறக்குறைய அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு பேர் உட்கார்ந்து போகும் மோட்டார் வண்டி அடங்க வேண்டும்!

சாதாரணமாக ஒரு வண்டியைச் செய்துவிட்டுத்தான் அதை நிறுத்தக் கொட்டகை தேடுவோம். இங்கே கொட்டகைதான் முதலில்; அதை அளந்துகொண்டு, அதற்குள் அடங்கும் வண்டி எது என்று பின்னால் யோசித்தார்கள். இதைக் குறையாக நினைத்துப் பாவ்லிச் அழுதுகொண்டிருந்தால் வண்டி பிறந்திராது. ஆறில் ஒரு பங்கு அளவில் பொம்மை வண்டி ஒன்று செய்தார். அது மடங்கும், விரியும், தூரத்திலிருந்து ரேடியோ மூலம் ஓட்டினால் ஓடும். தம் மகனுடைய சிப்பாய்ப் பொம்மை ஒன்றை அதில் உட்கார வைத்து, ஹண்ட்ஸ்வில் நகரில் ராக்கெட் நிலையத்தின் தலைவராக இருந்த வெர்னர் வான் பிரவுனின் அறைக்குள் ஓட்டிவிட்டார். பெரிய மனிதர்களைப் பார்க்க அனுமதிச் சீட்டு அனுப்புவதுதான் வழக்கம். இவர் வண்டியையே அனுப்பினார்! வான் பிரவுன் பார்த்தார்; உடனே பிடித்துப்போயிற்று. லண்டன் நகரத்தின் மீது விழுந்த வி-2 ராக்கெட்டை ஹிட்லருக்குச் செய்து கொடுத்த அதே வான் பிரவுன்தான் இவர். ஹிட்லரால் நாடிழந்தவரும் ஹிட்லருக்கு வேலை செய்தவரும் ஒரே வண்டியின் சரித்திரத்தில் வந்து சேர்ந்தார்கள். விதியின் விளையாட்டு விசித்திரமானதுதான்.

1969 அக்டோபரில் போயிங் கம்பெனியாருக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது. சக்கரம், மோட்டார் முதலிய ஓட்டப் பகுதிகள் ஜெனரல் மோட்டார்ஸின் பொறுப்பு. பதினேழே மாதத்தில் முதல் வண்டி கைக்கு வந்துவிட்டது. செலவு என்னவோ முதலில் பேசியதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 3 கோடியே 80 லட்சம் டாலர். வீடு கட்டிய அநுபவமுள்ள நேயர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

மூன்று மடிப்பு

வண்டியின் அடிச்சட்டம் அலுமினியக் குழாய்களால் ஆனது. முன், நடு, பின் என்று மூன்று துண்டு. துண்டுகளுக்கு நடுவே கீல்கள். முன் துண்டும் பின் துண்டும் நடுத் துண்டின்மீது ஏடுகள் போல் மடிந்து படியும். சக்கரங்கள் நான்கும் உட்புறமாகத் திரும்பி ஒடுங்கும். ஆசனங்கள் குழாயில் நாடா பின்னியவை, நம் மடக்கு நாற்காலிக்குச் சொந்தச் சகோதரர்கள்; அவையும் படிந்துகொள்ளும். விரித்தால் 3 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டி, மடித்தால் அந்த மூலைக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துவிடும்.

பூமியில் அதன் கனம் 210 கிலோ. ஏற்றக்கூடிய பாரம் 490 கிலோ. தன்னைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கும் வண்டியை நாம் எங்கே கண்டோம்? ஆனால் இந்தக் கணக்கு சந்திரனுக்கு மட்டுமே பொருந்தும். அங்கே உள்ள கனத்தைத் தாங்கும் அளவுக்கே குழாய்களை மெல்லியதாகச் செய்திருந்தார்கள். அதனால் பூமியில் இருக்கும் வரையில் அந்த வண்டியில் யாரும் ஏறி உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் சட்டம் கெட்டுவிடும்! ஓட்டப் பழகுவதற்கென்று கனமான இன்னொரு வண்டியைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சந்திரனில் பகல் வெயில் ஜலம் கொதிக்கும் உஷ்ணத்தையும் தாண்டும்; நிழலிலோ சொல்ல முடியாத குளிர். ரப்பரும் காற்றும் நிரப்பிய பெரிய டயர்கள் கனத்துக்கும் ஒவ்வா, வெயிலுக்கும் ஒவ்வா. ஆகவே, துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியால் டயரையே பின்னிவிட்டார்கள். கம்பியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சல்லடையைப் போன்ற அந்தப் பின்னலின்மீது, மண்ணைப் பற்றுவதற்காக டைட்டானியத் தகடுகளை அம்பு முனை வடிவில் பதித்தார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் எப்படி அமுங்கி நிமிர்கிறதோ, அப்படிக் கல்லின்மீது ஏறும்போது சக்கரம் அமுங்கி நிமிரும். பஞ்சராகும் பயம் கிடையாது.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் கால் குதிரைச் சக்தியுள்ள மின்சார மோட்டார். ஆக மொத்தம் வண்டிக்கு ஒரே ஒரு குதிரை. வெள்ளியும் துத்தநாகமும் கொண்ட இரண்டு பாட்டரிகள். ஒன்று போனாலும் மற்றொன்றே போதும். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் தனித் தனியே திருப்பலாம். ஓட்டுவதற்கு வட்டமான திருப்பு சக்கரமோ, காலால் மிதிக்கும் கட்டைகளோ இல்லை. விறைத்த உடுப்பில் காலால் மிதிப்பது ஆகாத காரியம். இருவர் நடுவே ஒரு கைப்பிடி. முன்னால் சாய்த்தால் முன்னே போகும். பக்கவாட்டில் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பும். பின்னுக்கு இழுத்தால் பிரேக்.

காற்றில்லாத இடத்தில் சூட்டைத் தணிப்பது எப்படி? விசிறினாலும் பயனில்லை, ஓடினாலும் பயனில்லை. அதற்காக மெழுகு அடைத்த பெட்டிகளை வைத்தார்கள். சாதனங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு மெழுகு உருகும். வண்டி நிற்கும்போது மூடிகளைத் திறந்துவிட்டால், கண்ணாடிகளின் வழியாக அந்தச் சூடு மெள்ள மெள்ள ஆகாசத்தில் கலந்துவிடும்.

திக்குத் தெரிந்துகொள்வது இன்னொரு சங்கடம். பூமிக்கு இருப்பதுபோன்ற காந்த மண்டலம் சந்திரனுக்கு இல்லையாகையால் காந்த ஊசி அங்கே உதவாது. ஒரு மேட்டைக் கடந்தால் கப்பல் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆகவே, திசையை மறக்காத சுழல் கருவி ஒன்றும், சக்கரங்கள் எத்தனை சுற்றுச் சுற்றின என்று எண்ணும் கருவிகளும் வைத்து, கப்பல் எந்தத் திக்கில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுக்கொண்டே போனார்கள். தூரத்தைக் கணக்கிட, நான்கு சக்கரங்களில் வேகத்தில் மூன்றாவதாக இருக்கும் சக்கரத்தை மட்டுமே நம்பினார்கள். மண்ணில் வழுக்கிச் சுழலும் சக்கரம் இல்லாத தூரத்தைச் சொல்லும்; சிக்கிக்கொண்ட சக்கரம் இருக்கும் தூரத்தையும் மறைக்கும். அதிகம் பேசுகிறவனையும் நம்பாதே, பேசாமலே இருக்கிறவனையும் நம்பாதே என்று தாத்தா பாட்டிமார் சொல்வார்களே, அதே யுக்திதான்!

கயிற்றை இழுத்தார்கள்

1971 ஜூலை 30-ந் தேதி அப்போலோ 15 கப்பல் சந்திரனில் அபெனைன் மலைகளின் அடிவாரத்தில் இறங்கிற்று. மறுநாள் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் வெளியே வந்தார்கள். ஏணியில் நின்றபடி ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்ததும், மடித்த வண்டி தன் மூலையிலிருந்து சற்றே முன்னே சாய்ந்தது. பிறகு கீழே நின்று நாடாக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க இழுக்க, வண்டி தொட்டில் குழந்தையைப்போல் தாழ்ந்து வந்தது. முறுக்கிய விற்சுருள்கள் பின் துண்டை விரித்தன, பின் சக்கரங்கள் படக்கென்று வெளியே வந்தன. அப்புறம் முன் துண்டு, முன் சக்கரங்கள்.

காகிதத்தில் இது எளிது. கப்பலோ ஒரு சரிவில் கோணலாக இறங்கியிருந்தது. கடைசியில் வண்டியைக் கப்பலோடு பிணைத்திருந்த பகுதி லேசில் விடுபட மறுத்துவிட்டது. இருவரும் ஆட்டிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள். ஒரு கீல் பிடிவாதம் செய்தால் எத்தனை பேருடைய எத்தனை வருஷ உழைப்பு அங்கேயே தொங்கிக்கொண்டு நின்றிருக்கும்! கடைசியில் வண்டி விட்டுக் கொடுத்தது. ஏறி உட்கார்ந்தார்கள். முன் சக்கரங்கள் திரும்ப மாட்டோம் என்றன. பின் சக்கரங்களை மட்டும் திருப்பிக்கொண்டு அன்றைய பிரயாணத்தை முடித்தார்கள். மறுநாள் பார்த்தால் முன் சக்கரங்கள் தாமாகவே ஒழுங்காகத் திரும்பின! இரவோடிரவாக ஹண்ட்ஸ்வில் மெக்கானிக்குகள் யாரோ வந்து ரிப்பேர் செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று ஸ்காட் வேடிக்கை செய்தார்.

வேடிக்கைக்கு அடியில் ஒரு கடுமையான விதி இருந்தது. வண்டி எந்த இடத்தில் நின்றுவிட்டாலும், அங்கிருந்து கையிருப்புப் பிராண வாயு தீருவதற்குள் கப்பலுக்கு நடந்து வந்துவிட வேண்டும். அதற்கு மேற்பட்ட தூரம் போகக்கூடாது. ஆகவே, வாயு நிறைய இருக்கும்போதே முதலில் எல்லாவற்றிலும் தூரமான இடத்துக்கு ஓட்டிச் சென்று, அப்புறம் வேலை செய்துகொண்டே கப்பலை நோக்கித் திரும்புவார்கள். நேரம் ஆக ஆக வாயு குறையும். வாயு குறையக் குறையத் தூரமும் குறைந்துகொண்டு வர வேண்டும். கல் ஒன்று எவ்வளவு அழகாயிருந்தாலும் நின்று ரஸிக்க மனிதனுக்கு அங்கே சுதந்திரம் இல்லை.

ஆகஸ்டு 1-ந் தேதி மலையடிவாரத்தில் ஒரு சிறு பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கல் மின்னியது. அது 'அனார்த்தோசைட்' என்னும் ஜாதிக் கல்; வயது 400 கோடி வருஷங்களுக்கு மேல். சந்திரனின் முதல் மேலோடு இறுகிய காலத்துச் சாட்சி அது. 'ஆதிக் கல்' என்ற பொருள்படப் பத்திரிகைக்காரர்கள் அதற்குப் பெயர் சூட்டினார்கள். ரிக்ஷா இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் மலைச் சரிவில் ஏறியிருக்க முடியாது.

இந்த ஜாதிக் கல் நமக்கு அந்நியமானதல்ல. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்ற ஊரில் அனார்த்தோசைட் பாறை ஏராளமாக இருக்கிறது. சந்திரனுக்கு வண்டி அனுப்ப நமது இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தார் முனைந்தபோது, அந்தப் பாறையைத் தருவித்துப் பொடியாக்கிப் பரப்பித்தான் பெங்களூரில் சக்கரங்களை ஓட்டிச் சோதித்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி 'சந்திரயான் 3' கப்பல் தென் துருவத்தின் அருகே இறங்கிற்று. அதன் வயிற்றிலிருந்து மடக்கு ஏணிபோன்ற சரிவுப் பலகை விரிந்தது. 'பிரக்ஞான்' வண்டி இறங்கி ஓடிற்று. ஆளில்லாத வண்டி, கனம் 26 கிலோ, ஓடிய தூரம் நூறு மீட்டருக்குச் சிறிது அதிகம். அப்போலோ வண்டிக்கு முன்னால் அது சின்னக் குழந்தைதான். ஆனால் நம் ஊர் மண்ணில் நடை பழகிய குழந்தை.

மட்கார்டு

இப்போது முதலில் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

சக்கரங்கள் உள்ளே மடங்க வேண்டுமென்றால் அவற்றின்மேல் உள்ள மட்கார்டு முழு நீளமாக இருக்க முடியாது. எனவே ஒரு பகுதியை நகரும்படி அமைத்து, வண்டி விரிந்தபின் கையால் இழுத்து நீட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். மட்கார்டு என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். சந்திரனில் காற்று இல்லை. சக்கரம் கிளப்பும் தூசி மிதக்காது, எறிந்த கல்லைப்போல் உயரக் கிளம்பி வளைந்து ஓட்டுகிறவர்களின் தலைமீதே விழும். அரம்போல் அறுக்கும் கரிய தூசி அது. கண்ணாடிகளின்மேல் படிந்தால் பாட்டரியின் சூடு வெளியேறாது. உடுப்பின் மூட்டுகளில் புகுந்தால் காற்றுக் கசியும்.

1972 டிசம்பர் 11-ந் தேதி அப்போலோ 17 பிரயாணிகளில் ஒருவரான யூஜீன் செர்னனின் உடுப்புப் பையில் செருகியிருந்த சுத்தியல், வண்டியின் பின் மட்கார்டில் தட்டிற்று. ஒடிந்து போனது, மேலே சொன்ன நீட்டிக்கொள்ளும் பகுதி! பிசின் நாடாவைப் போட்டு ஒட்டிப் பார்த்தார். தூசியில் நாடா பிடிக்கவில்லை. ஓட ஓட அது விழுந்துவிட்டது. செர்னனும் ஹாரிஸன் ஷ்மிட்டும் தூசி மழையில் குளித்துக்கொண்டே கப்பலுக்குத் திரும்பினார்கள்.

அவர்கள் தூங்கும்போது ஹூஸ்டன் நகரத்தில் யாரும் தூங்கவில்லை. கப்பலில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று ஜாபிதா எடுத்தார்கள். அதற்கு முந்தைய பிரயாணத்தில் அதே மாதிரி வண்டியைச் சந்திரனில் ஓட்டியிருந்த ஜான் யங், உடுப்பு அணிந்த கைகளால் எதைச் செய்ய முடியும் என்று தாமே செய்து பார்த்தார். மறுநாள் காலை உத்தரவு போயிற்று. வழுவழுப்பான தேசப் படங்கள் நான்கு; அதாவது, சந்திரனில் வழி பார்ப்பதற்காகக் கொண்டுபோன படங்கள். அவற்றைக் கப்பலுக்குள்ளேயே, தூசியில்லாத இடத்தில், நாடாவால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பலகையாக்கினார்கள். தொலைநோக்கியின் விளக்கைப் பிடித்திருந்த இரண்டு கவ்விகளைக் கழற்றி, அந்தக் காகித மட்கார்டை ஒடிந்த இடத்தில் கவ்விக் கட்டினார்கள். கோடிக் கணக்கான டாலர் வண்டிக்கு அட்டையில் மட்கார்டு!

அது நிலைத்தது. அந்த அட்டையின் தைரியத்தில் அவர்கள் கப்பலிலிருந்து 7 கிலோமீட்டருக்கு அப்பால் வரை போனார்கள். 'ஷார்ட்டி' என்ற பள்ளத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறமான மண் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது பழங்காலத்தில் எரிமலை பீறிட்டபோது தெறித்துக் குளிர்ந்த கண்ணாடித் துளிகள் என்று பிற்பாடு தெரியவந்தது. மூன்று நாளில் அந்த வண்டி ஓடிய தூரம் சுமார் 36 கிலோமீட்டர். அப்போலோ 15-ல் 28, 16-ல் 27. மூன்றும் சேர்ந்து சுமார் 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சீபுரம் போய் மேலும் கொஞ்சம் போகிற தூரம்.

நான்காவதாக ஒரு வண்டியும் செய்திருந்தார்கள். அது போக வேண்டிய பிரயாணமே ரத்தாகிவிட்டதால் அதைப் பிரித்து உதிரிச் சாமான்களாக உபயோகித்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 14-ந் தேதி செர்னன் வண்டியைக் கப்பலுக்குச் சற்றுத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து திரும்பினார். வண்டியின்மேல் இருந்த டெலிவிஷன் காமிரா, பூமியிலிருந்து வந்த கட்டளைப்படி முகத்தை மெள்ள உயர்த்தி, தன்னைக் கொண்டுவந்தவர்கள் மேலே கிளம்பிப் போவதை வானத்தில் புள்ளியாக மறையும் வரையில் காட்டிக்கொண்டிருந்தது. 2009-ல் அனுப்பப்பட்ட ஓர் அமெரிக்கச் சுற்றுக் கலம் சந்திரனைத் தாழ்வாக வட்டமிட்டு எடுத்த படங்களில், மூன்று வண்டிகளும் நிறுத்திய இடத்திலேயே நிற்பதும், அவற்றின் சக்கரத் தடங்கள் மண்ணில் கோடு கிழித்திருப்பதும் தெரிகின்றன. மடித்துக் கொண்டுபோனவற்றை விரித்தபடியே விட்டு வந்தார்கள். திரும்ப மடிக்க யாரும் அங்கே போகவில்லை. செர்னன் கடைசியில் கவ்விகளைக் கழற்றி, அந்தக் காகித மட்கார்டை மட்டும் தம்மோடு எடுத்து வந்துவிட்டார். அது வாஷிங்டன் நகரத்தில் ஆகாய விமானக் காட்சிசாலையின் சேகரத்தில் சேர்ந்தது.